சபையேடும் ஊரேடும்
அமெரிக்கக் குடிவழி ஆராய்ச்சி பற்றிச் சில எண்ணங்கள்

‘நதிமூலம், ரிஷிமூலம் ஆராய்தல் ஆகாது’ என்பது நம்மவரிடையே வழங்கும் முதுமொழி. பெருமையுடைய ஒன்றின் பிறப்பிடத்தைத் துருவிச் செல்பவன் ஆங்கே சிறுமையைக் காண நேரிடும் என்னும் அச்சமே இம்மொழியைத் தோற்றுவித்தது போலும். அவ்வச்சம் சிறிதுமின்றித் தம் மூலத்தை ஆராய்வதையே ஒரு நாட்டு வழக்கமாக ஆக்கிக்கொண்டவர் ஐக்கிய அமெரிக்க மக்கள். பொஸ்ரன் நகரிலே நியூ இங்கிலாந்துச் சரித்திர வமிசாவளிச் சங்கம் 1845 ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. 1890 இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கமும், 1897 இல் மேபிளவர் வழித்தோன்றல்களின் சங்கமும் எழுந்தன. முன்னையதிற் சேர விரும்பும் பெண், சுதந்திரப் போருக்கு உதவிய ஒருவரின் வழிவந்தவள் தான் என்பதைச் சான்று காட்டி நிறுவவேண்டும். பின்னையதிற் சேர விரும்புவோர், 1620 இல் பிளிமத்தில் வந்திறங்கிய மேபிளவர் கப்பலின் பிரயாணி ஒருவர் வரை தலைமுறை தலைமுறையாக ஏறிச் செல்லவேண்டும். பிறப்பினால் வரும் உயர்வை ஒழித்தோம் என்று கூறிக் குடியரசு கண்ட நாட்டிலே பிறப்புக்குச் சான்று தேடும் சங்கங்கள் இவ்வாறு பெருகியமை வியப்புக்குரியதே.

இம்முயற்சி முழுவதையும் வெறுங் குலப்பெருமை என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பெருமை தேடிப் புறப்பட்டவனைக் கைப்பிடித்து நிறுத்தி, அவன் தேடாத உண்மையைக் காட்டும் ஆற்றல் அந்நாட்டுப் பழைய சபையேடுகளுக்கும் ஊரேடுகளுக்கும் உண்டு. ஆனால் அவற்றை ஏடாகப் படிக்கும் பொறுமை வேண்டும். தனக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்துச் செல்பவனுக்கு அவை எதையுங் கற்பிக்கமாட்டா. இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது.

இருவகை ஏடுகள்

இங்கிலாந்தை விட்டு மசாச்சுசெற்ஸ் கரையில் குடியேறிய பியூரித்தன்மார் சமயப் பற்று மிக்கவர் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அவர்கள் விவாகத்தைச் சபைச் சடங்காகக் கொள்ளவில்லை. அது இருவர்க்கிடையே நிகழும் ஓர் உடன்படிக்கை எனக் கொண்டு, நீதிபதியின் முன்னிலையில் நடத்தினர். பிளிமத்தில் 1621 ஆம் ஆண்டு நிகழ்ந்த முதல் விவாகமும் அவ்வாறே நடந்தது. 1639 இல் மசாச்சுசெற்ஸ் குடியேற்றத்தின் பொது மன்றம், பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் பதிந்துவைக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. அப்பொறுப்பு ஊர் எழுதுவினைஞரைச் சார்ந்தது. சபையேட்டிலோ ஞானஸ்நானம், உறுப்பினர் சேர்க்கை, சபையொழுக்கத்திற்காகக் கண்டிக்கப்பட்டோர் விவரம் ஆகியவை எழுதப்பட்டன. எனவே ஒரு குழந்தையின் பிறப்பு ஊரேட்டிலும், அதன் ஞானஸ்நானம் சபையேட்டிலுமாக இரண்டு கைகளால் எழுதப்பட்டுள்ளன. இரண்டும் ஒத்திருப்பின் ஆராய்வோனுக்கு வலிமை. முரண்படின் அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

ஊரேடு என்றவுடன் அழகிய தலைப்புகளுடன் வகுக்கப்பட்ட ஒரு புத்தகத்தை நேயர்கள் மனத்திற் கொள்ளலாகாது. காணிப் பங்கீடு, வேலி பார்ப்போரின் நியமனம், குழந்தைகளின் பிறப்பு, மாடு பன்றிகளின் காதுக்குறி எல்லாம் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து வரும். பொதுப் புற்றரையில் மேயும் கால்நடைகளை அடையாளங் காணும்பொருட்டு ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு காதுக்குறி இருந்தது. தந்தையின் குறி மைந்தனுக்கு இறங்குவதுண்டு. பிறப்புப் பதிவு கிடைக்காத ஒருவன் இன்னானுடைய மகன் என்பதை, அவன் பன்றியின் காதில் வெட்டிய குறியே காட்டிக்கொடுத்த கதைகளும் உண்டு. பரம்பரைப் பெருமையைத் தேடி வருபவன் பன்றிக் காதினைப் பற்றிப் படிக்க நேர்வது நல்லதொரு தொடக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சபையேட்டின் மௌனத்தையும் அறிந்து படித்தல் வேண்டும். தொடக்கத்தில், சபையின் முழு உறுப்பினராய் உள்ளோரின் பிள்ளைகளுக்கே ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. முழு உறுப்பினராவதற்கு, தம் உள்ளத்தில் நிகழ்ந்த மனமாற்றத்தைச் சபையார் முன் எடுத்துரைத்து அவர்களைத் திருப்திப்படுத்தவேண்டும். இரண்டாந் தலைமுறையினர் பலர் அதற்கு முன்வரவில்லை. அதனால் அவர்தம் பிள்ளைகள் ஏட்டுக்கு வெளியே நின்றனர். 1662 இற் கூடிய போதகர் மாநாடு, தாம் ஞானஸ்நானம் பெற்றிருந்து சபை உடன்படிக்கையை ஏற்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் அளிக்கலாம் என இசைந்தது. ‘பாதி உடன்படிக்கை’ என இதனைப் பிற்காலத்தார் அழைப்பர். இவ்விசைவை ஏற்ற சபைகளில், முப்பது வயது வந்த ஒருவன் உடன்படிக்கையை ஏற்ற சில நாட்களிலே அவனுடைய நான்கைந்து பிள்ளைகளும் ஒருங்கே ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு காணப்படும். அதைப் பிறந்த நாளாகக் கொள்பவன் ஒரே நாளில் ஐந்து பிள்ளைகளைப் பிறப்பித்துவிடுவான்! பப்ரிஸ்தர்களும் குவேக்கர்களும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பதில்லை. ஆகவே பெயர் இல்லை என்பதனால் பிள்ளை இல்லை என்று கூறவியலாது. அக்குடும்பம் வேறு வழிபாட்டைச் சார்ந்ததோ என்று வினவுதலே தகும்.

நாள்களும் சொற்களும்

காலக் கணக்கிலும் ஓர் இடர் உண்டு. 1752 வரையில் ஆங்கிலக் குடியேற்றங்களில் ஆண்டு பிறப்பது மார்ச் மாதம் 25 ஆந் தேதியிலாகும். ஆதலின் ஜனவரி முதலாம் நாளுக்கும் மார்ச் 24 இற்கும் இடைப்பட்ட நாள்களை எழுதுவோர் இரண்டு ஆண்டுகளையுஞ் சேர்த்து எழுதுவது வழக்கம். ஜோர்ஜ் வோஷிங்ரன் பிறந்த நாள் பழைய கணக்கின்படி 1731/2 பெப்ரவரி 11. புதிய கணக்கிலே அது 1732 பெப்ரவரி 22 ஆயிற்று. குவேக்கர்களோ மாதங்களின் பெயர்கள் புறச்சமயத் தெய்வங்களைச் சுட்டுகின்றன எனக் கருதி ‘முதலாம் மாதம்’, ‘இரண்டாம் மாதம்’ என எண்ணாலேயே எழுதினர். 1752 இற்கு முன் அவர்களுடைய முதலாம் மாதம் மார்ச். இஃதறியாதார் விவாகத்திற்கு முன்னரே பிள்ளை பிறந்ததாகக் கொண்டு ஒரு பாட்டியின் ஒழுக்கத்தைக் குறைகூறியும் இருக்கின்றனர்.

உறவுச் சொற்களும் இவ்வாறே மயங்க வைக்கும். ஒரே ஊரில் ‘மூத்த ஜோன்’, ‘இளைய ஜோன்’ என இருவர் குறிக்கப்பட்டிருப்பின் தந்தையும் மகனும் என்று எண்ணத் தோன்றும். அவர்கள் சிறிய தகப்பனும் பெறாமகனுமாகவோ, எவ்வித உறவும் அற்ற இருவராகவோ இருக்கலாம். வயது வேற்றுமையைக் காட்டவே அவ்வடைமொழி. ‘கசின்’ என்ற சொல் அக்காலத்தில் மருமகனையும் பெறாமகனையுஞ் சுட்டியது. மரணசாதனம் எழுதுபவன் ‘என் இப்போதைய மனைவி’ என்று குறிப்பிடுவதைக் கண்டு, அவனுக்கு முன்னொரு மனைவி இருந்தாள் என முடிவுகட்டுவோர் பலர். மரணசாதனம் எழுதும்போது மனைவியாய் இருப்பவளுக்கே சொத்துச் சேரவேண்டும் என்று வரையறுக்கும் சட்டச் சொல் அது. சித்தப்பா, பெரியப்பா, அம்மான் என ஒவ்வோர் உறவுக்கும் தனிப் பெயர் வைத்துள்ள நமக்கு இம்மயக்கம் நகைப்பைத் தரலாம். அவர்களுடைய ஏட்டை அவர்கள் காலத்து வழக்கினால் படிக்கவேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

தெற்கேயுள்ள வேர்ஜீனியாவில் நிலைமை வேறு. அங்கே இங்கிலாந்துத் திருச்சபையே அரச சபை. கோயிற்பற்றின் நிருவாக சபையார் ஆலயப் பணிகளை மட்டுமன்றி ஊர்ப் பணிகளையும் பார்த்தனர். அனாதைகளையும் வறிய பிள்ளைகளையும் தொழில் பழகுமாறு பிறரிடம் கட்டிக்கொடுத்தனர். குறித்த ஆண்டுகளுக்கொரு முறை காணிச் சொந்தக்காரரைக் கூட்டி எல்லைகளைச் சுற்றி நடக்கச் செய்து அதனைப் பதிந்தனர். இவ்வெல்லை நடைக் குறிப்புகளே அயலவர் யார், காணி எவர் கைக்கு மாறியது என்பவற்றை இன்று காட்டுகின்றன. பின்னர் நியூயோர்க் எனப் பெயர்பெற்ற நியூ அம்ஸ்ரடாமில் ஒல்லாந்த சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நான, விவாக ஏடுகள் 1639 முதல் கிடைக்கின்றன. அவ்வேடுகளில் விவாகமான பெண்ணும் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுகிறாள். ஞானஸ்நானத்திற்குச் சாட்சி நின்றோரும் பெரும்பாலும் உறவினரே. ஆங்கில ஏடுகளில் கணவன் பெயருக்குள் மறைந்துபோகும் பெண்கள் இங்கே தெளிவாக நிற்கின்றனர்.

இதே ஒல்லாந்த சீர்திருத்தச் சபை 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்திலும் ஆட்சியாளரின் சபையாய் இருந்தது. அதன் பள்ளிக்கூடத் தோம்புகளில் ஞானஸ்நானம் பெற்றோராய்ப் பதியப்பட்ட நம் முன்னோரிற் பலர் வீட்டிலே சைவராய் வாழ்ந்தமை நாம் அறிந்ததே. காணியும் உத்தியோகமும் அப்பதிவைச் சார்ந்திருந்தன. அரச சபையின் ஏடு ஒருவனுடைய இருப்பைக் காட்டும்; அவன் நெஞ்சைக் காட்டும் என்று எண்ணலாகாது. வேர்ஜீனிய ஏடுகளைப் படிப்போரும் இதனை மறத்தல் கூடாது.

துரத்தப்பட்டோரும் விலைபோனோரும்

இனி இவ்வேடுகளின் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருவோம். நியூ இங்கிலாந்து ஊர்கள் தத்தம் வறியோரைத் தாமே பராமரிக்கக் கடமைப்பட்டிருந்தன. அக்கடமை பிறவூராருக்கும் விரியாவண்ணம், புதிதாக வந்தோரைக் கண்டறிந்து, ‘இவ்வூரை விட்டு நீங்குக’ என முறைப்படி அறிவித்துப் பதிந்துவைத்தனர். அவ்வறிவிப்புப் பெற்றோர் பலர் தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தனர். வறுமையுற்றபோது ஊரார் உதவி கிட்டாது என்பதே அதன் பொருள். 1765 இல் பொஸ்ரன் நகரத்தார் இப்பணிக்கென றொபேட் லவ் என்பவரை அமர்த்தினர். 1774 இல் இறக்கும் வரை அவர் தெருத்தெருவாய் நடந்து, வந்தவர் யார், எங்கிருந்து வந்தார், மனைவி மக்கள் எத்தனைபேர், யார் வீட்டில் தங்கியிருக்கிறார் என்றெல்லாம் எழுதிவைத்தார். காணி இல்லாத, மரணசாதனம் எழுத எதுவும் இல்லாத, சபையிலும் சேராத ஏழைக்கு இன்று கிடைக்கும் ஒரே சான்று அவனைத் துரத்திய குறிப்பே. செல்வனைப் பற்றி அவன் சொத்து பேசுகிறது. ஏழையைப் பற்றி ஊரார் காட்டிய வெறுப்புப் பேசுகிறது.

அடிமைகளின் நிலை இதனினும் கொடிது. இறந்தவனின் சொத்துப் பட்டியலில் கட்டில், செம்புப் பாத்திரம், பசுக்கள் ஆகியவற்றிடையே ஓர் ஆணின் பெயரும் ஒரு பெண்ணின் பெயரும் விலையுடன் எழுதப்பட்டிருக்கும். தந்தை பெயர் இல்லை, குடிப்பெயர் இல்லை. சபையேட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்தாலும் எசமானின் பெயரே முன்னிற்கும். ஆபிரிக்காவிலிருந்து சிறுமியாய்க் கொணரப்பட்டு 1761 இல் பொஸ்ரனில் விற்கப்பட்ட கவிஞர் பிலிஸ் வீற்லியின் பெயரை நோக்குக. ‘பிலிஸ்’ அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். ‘வீற்லி’ அவரை வாங்கியவரின் பெயர். 1771 இல் அந்நகரிலுள்ள பழைய தெற்குச் சபையில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தாய் தந்தையர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எலிசபெத் கீ

குடிவழியும் ஞானஸ்நானமும் வெறும் ஏட்டுச் செய்திகள் என்று எண்ணுவோர் எலிசபெத் கீ என்னும் பெண்ணின் வழக்கை அறிதல் வேண்டும். 1630 ஆம் ஆண்டளவில் வேர்ஜீனியாவில் பிறந்தவள் அவள். தாய் ஆபிரிக்க அடிமை. தந்தை தோமஸ் கீ, குடியேற்றத்தின் சட்டமன்றத்தில் இருந்த ஆங்கிலேயர். 1636 இல் அவர் தம் மகளை அவளுடைய ஞானத்தந்தையாகிய ஹம்பிறி ஹிகின்சனிடம் ஒன்பது ஆண்டுகள் பணிசெய்யுமாறு ஒப்படைத்தார். அத்தவணை முடிந்தும் அவளுக்கு விடுதலை கிடைக்கவில்லை. காலப்போக்கில் அவள் நோதம்பலாந்துப் பகுதியிலே ஜோன் மொற்றம் என்பவரின் வீட்டைச் சேர்ந்தாள். 1655 இல் மொற்றம் இறந்தபொழுது, அவருடைய சொத்தைப் பொறுப்பேற்றோர் அவளையும் அடிமையெனக் கணக்கிட்டனர். அவள் நியாயஸ்தலத்தை நாடினாள்.

அவள் சார்பில் வழக்குரைத்தவர் வில்லியம் கிறின்ஸ்ரெட் என்னும் இளைஞர். தன் தந்தை சுதந்திரமுள்ள ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்றவள், குறித்த தவணைக்கு மேலாகவே பணிசெய்துவிட்டவள் என்பன அவள் எடுத்துக்காட்டிய நியாயங்கள். தோமஸ் கீயே அவளுடைய தந்தை என்றும், அதற்காக அவர் நீதிமன்றத்தில் அபராதம் இறுத்தார் என்றும் முதியோர் சாட்சி கூறினர். யூரிமார் அவளுக்குச் சார்பாகத் தீர்த்தனர். மேல்மன்றம் அதனை மாற்றியது. முடிவில் சட்டமன்றம்வரை சென்று 1656 இல் அவள் விடுதலை பெற்றாள். வழக்குரைத்த கிறின்ஸ்ரெட்டையே மணந்தாள். ஊரார் நினைவிலிருந்த ஒரு தந்தையின் பெயரும், சபையில் நிகழ்ந்த ஒரு ஞானஸ்நானமும் ஒரு மனித உயிரைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்த வரலாறு இது.

அவ்விரு கதவுகளும் நெடுங்காலம் திறந்திருக்கவில்லை. பிள்ளையின் நிலை தாயின் நிலையைத் தொடரும் என 1662 இல் வேர்ஜீனியச் சட்டமன்றம் விதித்தது. ஞானஸ்நானம் ஒருவருடைய அடிமை நிலையை மாற்றாது என 1667 இல் மற்றொரு சட்டம் இயற்றியது. அதன்பின் ஏட்டில் தந்தையின் பெயரை எழுதினாலும் பயனில்லை. எழுதாமல் விடுவதே எசமானருக்கு நலமாயிற்று. இன்று கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடுகையில் எதிர்ப்படும் வெற்றிடம் கறையான் அரித்ததால் வந்ததன்று. சட்டம் போட்டு உண்டாக்கிய வெற்றிடம் அது. முன்னாள் அடிமைகள் யாவரையும் பெயர் குறித்துப் பதிந்த முதற் குடிசன மதிப்பு 1870 ஆம் ஆண்டினதே. அதற்கு முற்பட்ட தலைமுறைகளை அறிய விரும்புவோர் எசமானரின் ஏடுகளையே புரட்டவேண்டியுள்ளது.

பெருமை விற்ற வணிகர்

இவ்வளவு சான்று இருந்தும் பொய் பெருகியது. சுவீடனிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 1942 இல் மறைந்த குஸ்ராவ் அஞ்சூ என்பவர், செல்வர்களுக்கு வேண்டியவாறு வமிசாவளி எழுதி விற்றார். உண்மையான பதிவுகள் பலவற்றினிடையே தாம் கற்பித்த மரணசாதனம் ஒன்றையோ கோயிற்பற்றுப் பதிவு ஒன்றையோ நுழைத்துவிடுவது அவருடைய வழக்கம். அவர் பொய்கள் அச்சேறிய நூல்களில் இன்றும் உலவுகின்றன. இத்தகைய வணிகத்துக்கு எதிராக நின்றவர் டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ். 1922 இல் தாம் தொடங்கிய சஞ்சிகை வாயிலாக, சான்றில்லாத இணைப்பை வெட்டிவிடும் துணிவே ஆராய்ச்சியின் முதற் பண்பு என்பதை அவர் தம் செயலாலே நிலைநாட்டினார். பழைய நியூ ஹேவன் குடும்பங்களைப் பற்றி அவர் தொகுத்தவை இன்றும் நம்பிக்கைக்குரியவை.

இன்று பொஸ்ரனிலுள்ள கொங்கிறிகேஷனல் நூல்நிலையம் பழைய சபையேடுகளைப் படமெடுத்து, எங்கிருந்தும் எவரும் கணினியிற் பார்க்குமாறு செய்துள்ளது. மூலத்தைக் காண்பது இவ்வளவு எளிதாகிய காலத்தில், ஒருவர் எழுதிய வமிசாவளியை மற்றொருவர் பார்த்தெழுதுவதே பெருகியிருப்பது வருந்தத்தக்கது. நூறுபேர் பார்த்தெழுதியதனால் பிழை உண்மையாகிவிடாது.

நமக்கு இதில் என்ன என்று வினவலாம். நியூ இங்கிலாந்தின் அதே சபை மரபிலிருந்தே 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். வட்டுக்கோட்டை செமினரியின் முதல் அதிபரான டானியல் பூவர் மசாச்சுசெற்ஸிலுள்ள டன்வேர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். தங்கிப் படிக்கும் பிள்ளையின் செலவை அமெரிக்காவிலிருந்து ஏற்பவர் அப்பிள்ளைக்குப் பெயரிடும் வழக்கமும் அவர்களுடன் வந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என நம் தமிழறிஞர் பெயர்களின் முன்னே அந்நாட்டுக் குடும்பப் பெயர்கள் நிற்பதைக் காண்கிறோம். அம்மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹாவாட் சர்வகலாசாலையின் ஹௌற்றன் நூல்நிலையத்திற் பேணப்படுகின்றன. ஆகவே நம்மவர் சிலர் தம் குடிவழியைத் தேடினால் மசாச்சுசெற்ஸின் வாயிலிலே நிற்க நேரும். பெயரை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்னும் வினாக்களை அங்கும் கேட்டே தீரவேண்டும்.

மூலத்தை ஆராயலாகாது என்னும் முதுமொழியோடு நான் உடன்படமாட்டேன். ஆராய்க, ஆனால் முழுவதையும் ஆராய்க. மேபிளவரில் வந்த பாட்டனை ஏற்பவன், அவன் வழியினர் எழுதிய சொத்துப் பட்டியலையும் ஏற்கவேண்டும். அப்பட்டியலில் விலையுடன் நிற்கும் பெயர் வேறொரு குடும்பத்தின் பாட்டனுடையது. அப்பெயர் எழுதப்பட்ட ஏடு தன் வீட்டுப் பெட்டகத்தில் இருக்குமாயின் அதனை மறையாது அக்குடும்பத்தார் காணக் கொடுத்தல், குடிவழி தேடும் ஒருவர் செய்யத்தக்க முதற் கடன் என்பது என் துணிபு.